குதிரையை மாடாக நினைத்து வளர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஈரோடு, சேலம், நாமக்கல், திருப்பூர் என்று நாலாபக்கமிருந்தும் சனம் புறப்பட்டுவிடும். புதுப்பாளையத்தில் மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நொக்ரா எனக் குதிரைகள் வரிசைகட்டி நிற்கும். இன்ன குதிரைக்கு இத்தனை லட்சம் விலை என்று எல்லாப் பத்திரிகைகளும் படத்தோடு போடுகின்றன. அதே குதிரை அடுத்த தை மாதத்தில் எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. இந்த ஆண்டு சந்தைக்கு முன்பாவது அதைப் பற்றிப் பேச உங்கள் பத்திரிகையில் கொஞ்சம் இடம் வேண்டும்.

கொங்குப் பகுதியில் புதிதாகக் குதிரை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாடு வளர்த்துத் தேர்ந்த கைகள். கன்று ஈனுவதில் தொடங்கி வயிறு உப்புசம் வரை மாட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிரைக்கு ஆபத்து வருவதும் இந்த அனுபவத்திலிருந்துதான். கட்டுத்தறியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒரே புல்லைத் தின்றாலும், குதிரையின் உடம்பு வேலை செய்யும் விதமே வேறு. மாட்டுக்கு நல்லது என்று நமக்குத் தெரிந்த பல காரியங்கள் குதிரையைக் கொன்றுவிடும்.

முதலில் வயிறு. மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்றதை அங்கே ஊறவைத்து, அசைபோட்டு, நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்த பிறகுதான் குடலுக்கு அனுப்பும். குதிரைக்கு இருப்பது ஒரே இரைப்பை. அதுவும் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் கொள்ளும். நொதித்தல் எல்லாம் குடலின் பின்பகுதியில், பெருங்குடலில் நடக்கிறது. அதனால் நஞ்சோ, அழுகிய தீவனமோ, பூஞ்சையோ எதுவானாலும் பெருவயிற்று நுண்ணுயிர்களின் கையில் சிக்காமல் நேராகக் குதிரையின் ரத்தத்துக்குப் போய்விடும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கும் வளையத்தசை அவ்வளவு இறுக்கமானது. அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் மேலே வர வழியில்லாமல் இரைப்பை வெடித்த குதிரைகள் உண்டு.

ஆகவே காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று மாட்டுக்குக் காட்டுவது போல அடர்தீவனத்தைக் கொட்டக்கூடாது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ தானியம் போதும். எப்படிப் போனாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. அதற்கு மாறாகப் புல்லும் காய்ந்த சோளத்தட்டும் நாள் முழுக்க வாயில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் எந்நேரமும் சுரக்கிறது. ஐந்தாறு மணி நேரம் வெறும் வயிற்றில் நின்றால் புண் விழும். உலர் எடையில் கணக்குப் பார்த்தால் உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம், சாதாரணமாக இரண்டு சதவீதம் நார்த்தீவனம் வேண்டும். 300 கிலோ குதிரைக்கு அது ஆறு கிலோ காய்ந்த தட்டு அல்லது இருபத்தைந்து முப்பது கிலோ பச்சைப்புல். புதுத் தீவனத்துக்கு மாற்றும்போது பழையதோடு கலந்து, பத்து முதல் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். சந்தையில் வாங்கும்போதே விற்றவரிடம் இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதில் ஒரு மூட்டையையும் சேர்த்து வாங்கி வருவது நல்லது.

எடை எப்படித் தெரியும் என்பார்கள். எடைமேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் ஓர் அளவு, இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். நெஞ்சளவு 155, நீளம் 145 என்றால் ஏறக்குறைய 293 கிலோ. குடற்புழு மருந்தானாலும் தீவனமானாலும் இந்தக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். படியால் அளப்பதை விட்டுவிடுங்கள். ஒரு படி தவிடும் ஒரு படி கொள்ளும் எடையில் பக்கத்தில்கூட வராது. ஒரு முறை தராசில் நிறுத்துப் பாத்திரத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். கொள்ளை இரவே ஊறவைத்து அவித்துக் கொடுங்கள். அவிக்காத கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அவித்தால் அது அழிந்துவிடும்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மேய்ச்சல் நிலத்தில் காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன கொழுக்கட்டைப் புல்லும், தோட்டத்தில் போர் தண்ணீரில் வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் மாட்டுக்கு அருமையான தீவனம். இரண்டிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்குச் சிறுகுடலிலேயே அந்த ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. புல்லில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் அது சாணத்தோடு வெளியே போகும். இதன் மேல் கோதுமைத் தவிடோ அரிசித் தவிடோ தாராளமாக வைக்கிறார்கள். கோதுமைத் தவிட்டில் ஒரு பங்கு கால்சியம் இருந்தால் ஏறக்குறைய பத்துப் பங்கு பாஸ்பரஸ் இருக்கும். குதிரைக்குத் தேவை நேர் தலைகீழ். கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. 300 கிலோ குதிரைக்கு வேலை இல்லாத நாளிலேயே சுமார் 12 கிராம் கால்சியம் வேண்டும். இரண்டு கிலோ தவிட்டில் மூன்று கிராம்கூடத் தேறாது.

வெளியிலிருந்து கால்சியம் வராதபோது உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் விளைவு தெரியும். முதலில் நடையில் துள்ளல் போய், எட்டி வைக்கும் அடி குறுகும். இன்று முன்னங்காலில் நொண்டும், அடுத்த வாரம் பின்னங்காலில். லாடத்தில் குறை என்று லாடத்தை மாற்றுவார்கள், சுளுக்கு என்று தைலம் தடவுவார்கள். பிறகு முகத்தில் கண்ணுக்குக் கீழே மூக்கின் இரு பக்கமும் புடைத்துக்கொண்டு வரும், கீழ்த்தாடை தடிக்கும், கடைவாய்ப் பற்கள் ஆடும், மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். எலும்பு இருந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து தலை பெருத்துப்போகும். அந்தக் கட்டத்தில் தீவனத்தைச் சரிசெய்தால் வலி குறையுமே தவிர, முகம் பழையபடி ஆகாது.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். குதிரையின் தலைக்கு அடியில் கைவிட்டு, கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகளையும் விரலால் நீவிப் பாருங்கள். கீழ் விளிம்பு கத்தியின் முதுகு போல மெலிசாக, தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். உருண்டு, மொத்தமாக, விளிம்பே இல்லாதது போல இருந்தால் உடனே தீவனத்தைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு குறையாமல் இருக்கத்தானே உடம்பு எலும்பைக் கரைக்கிறது.

மருந்து கடினமானதல்ல. தவிட்டை நிறுத்துங்கள், அல்லது ஒரு கைப்பிடியோடு வைத்துக்கொள்ளுங்கள். நேப்பியரைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் சோளத்தட்டும் அருகம்புல்லும் லூசர்ன் என்கிற குதிரைமசாலும் கொடுங்கள். குதிரைமசாலின் பெயரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியமும் நிறைய இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் அதைக் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்டுவிட்டுக் குதிரைக்கு நேப்பியரை வெட்டிப் போடுகிறார்கள். நேப்பியரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் மாவும் இரண்டு பங்கு டை கால்சியம் பாஸ்பேட்டும் கலந்து கொடுக்க வேண்டும். இதே கொழுக்கட்டைப் புல் மேய்ச்சலால் இதே நோயைக் கண்ட ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெரிய குதிரைக்கு வாரம் ஒரு கிலோ என்ற கணக்கில் இந்தக் கலவையைக் கொடுக்கிறார்கள். நம் 300 கிலோ குதிரைக்கு வாரம் 600 கிராம், அதாவது நாளுக்கு 85 கிராம் போதும். வெறும் மாவாக வைத்தால் முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும், வெல்லக் கரைசலில் பிசைந்து தீவனத்தில் கலந்தால் தின்றுவிடும். சுண்ணாம்புக்கல் மாவு என்றால் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு விற்கிறார்களே, அது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்போ வெள்ளையடிக்கும் சுண்ணாம்போ அல்ல. அதைக் கொடுத்தால் வாயும் குடலும் வெந்துவிடும்.

பண்ணையில் கிடக்கும் மற்றத் தீவனங்களையும் சொல்ல வேண்டும். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலக்கிறார்கள். சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின் உண்டு. மாட்டைக் கொல்லும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே குதிரையைக் கொல்லப் போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் இதயத் தசை பழுதாகி, ஒரு நாள் ஓடும்போது விழுந்துவிடும். மாற்று மருந்து கிடையாது. மீந்த கோழித்தீவனம் வீணாகிறதே என்று குதிரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், கோழித்தீவன மூட்டையை அவிழ்த்துவிட்ட குதிரைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் மாடு தாங்கிக்கொள்ளும். குதிரைக்கு அந்தப் பூஞ்சை நஞ்சால் மூளையின் வெள்ளைப் பகுதி கரைந்துபோகும். கண் தெரியாமல் சுவரில் முட்டும், ஒரே பக்கமாகச் சுற்றும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மழையில் நனைந்து காய்ந்த மக்காச்சோளத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவே கூடாது. பிளாஸ்டிக் பையில் அடைத்து வரும் ஊறுகாய்ப்புல்லும் அப்படித்தான். பையில் ஓட்டை விழுந்தாலோ, உள்ளே எலியோ பாம்போ செத்துக் கிடந்தாலோ உருவாகும் பாட்டுலிசம் நஞ்சுக்குக் குதிரை மிக எளிதில் பலியாகும். யூரியா தெளித்த வைக்கோலால் குதிரைக்குச் சொல்லும்படி பயனில்லை.

வயிற்றுவலிக்கு வருகிறேன். குதிரை மண்ணைக் கீறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, மேல் உதட்டைச் சுருட்டுவது, படுப்பது எழுவது, வியர்ப்பது, உருள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் தீவனத்தை எடுத்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சாணம் போட்டது என்று பாருங்கள். நலமான குதிரை ஒரு நாளில் எட்டுப் பத்து முறை போடும். விலாவின் இரு பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று முறையாவது கடகடவென்று கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்காமல் அமைதியாக இருந்தால் அது கெட்ட அறிகுறி. பிறகு நாடி. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில், கன்னத்தின் வட்டத் தசைக்குச் சற்று முன்னால், பென்சில் அளவு ரத்தக்குழாய் ஒன்று விரலுக்கடியில் உருளும். அதை எலும்போடு அழுத்தி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். வலியோடு 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

மாட்டுப் பழக்கம் ஏமாற்றும் இடம் இதுதான். மாட்டுக்கு 60, 70 நாடித்துடிப்பு இயல்பு. மாட்டுக்கு 102 டிகிரி பாரன்ஹீட் இயல்பு, குதிரைக்கு அது காய்ச்சல். குதிரையின் சூடு 99.5இலிருந்து 101.3க்குள் இருக்க வேண்டும். உங்கள் குதிரை நலமாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் காலையில் நாடியும் சூடும் எடுத்து லாயத்துச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால், மருத்துவரிடம் போனில் பேசும்போது அந்த இரண்டு எண்கள் எந்த வர்ணனையையும்விட உதவும்.

வலியில் இருக்கும் குதிரைக்கு மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய் ஊற்றாதீர்கள். உப்புசம் கண்ட மாட்டுக்கு எண்ணெய் ஊற்றுவது பழக்கம். குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி, வயிற்றுவலியில் தப்பிய குதிரை நுரையீரல் அழுகி ஒரு வாரத்தில் சாகும். பாரபின் எண்ணெய் கொடுக்க வேண்டுமானால் மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுக் கொடுப்பார். அந்தக் குழாயே, வாந்தி எடுக்க முடியாத குதிரையின் இரைப்பையில் தேங்கியதை வெளியேற்றும் வழியும்கூட. மாட்டுக்குச் செய்வது போல விலாவில் குத்திக் காற்றை எடுக்கும் வேலையை நீங்கள் செய்யவே கூடாது. பத்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு நடந்து அதன் தெம்பைத் தீர்க்க வேண்டாம். வலிக்கான ஊசியை யாரிடமாவது வாங்கிப் போட்டுவிட்டால் குடல் முறுக்கிக்கொண்டதை மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

வயிற்றுவலி வராமல் காப்பதில் பாதி வேலை தண்ணீர்தான். காய்ந்த தட்டைத் தின்றுவிட்டுத் தண்ணீர் போதாமல் குடல் அடைத்துக்கொள்வதுதான் இங்கே நிறைய நடக்கிறது. சும்மா நிற்கும் 300 கிலோ குதிரைக்கே நாளுக்கு இருபது லிட்டர் வரை வேண்டும், கோடையில் வேலை செய்தால் நாற்பதுக்கு மேலும் போகும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். ஓடிவந்த சூட்டோடு தண்ணீர் காட்டினால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று சொல்வது சரியல்ல. வியர்த்து நிற்கும் குதிரைக்குத் தண்ணீரை மறுப்பதுதான் ஆபத்து. தீவனத்தில் தினமும் 30 கிராம் உப்பு போடுங்கள், வேலை நாளில் இரட்டிப்பு. வெறும் தரையில் தீவனம் கொட்டினால் மண்ணும் சேர்ந்து போய்க் குடலில் படியும். நாலைந்து சாண உருண்டைகளைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பாருங்கள், அடியில் மணல் தங்கினால் தெரிந்துவிடும். இரும்புச் சட்டியோ தார்ப்பாயோ வைத்து அதில் போடுங்கள். தீவனம் தரையளவில் இருப்பதே நல்லது. தலை தாழ்த்தித் தின்னும்போது மூக்கில் சேரும் சளி வெளியே வடியும். ராஜஸ்தானிலிருந்து லாரியில் தலையைத் தூக்கிக் கட்டியே கொண்டுவந்த குதிரைக்கு நெஞ்சில் சளி கட்டுவது இதனால்தான். வழியில் நாலைந்து மணிக்கொரு முறை நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிட வேண்டும்.

தானிய மூட்டையைக் கடித்துக் கிழித்து வயிறுமுட்டத் தின்றுவிட்டால், நொண்டுகிறதா என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாள் கழித்துக் குளம்புக்குள் வீக்கம் வந்து, முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும்போது பாதிக் காரியம் கெட்டுப்போயிருக்கும். தின்றது தெரிந்தவுடன் மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு, நாலு கால் குளம்புகளையும் ஐஸ் தண்ணீரில் நிற்கவையுங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர்ச்சி வேண்டும்.

மாடும் குதிரையும் ஒரே கொட்டகையில் நிற்பதால் வரும் நோய் சர்ரா. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த ஒட்டுண்ணிதான் இதற்குக் காரணம். மாட்டையும் எருமையையும் கடிக்கும் பெரிய ஈக்கள் இதைப் பரப்புகின்றன. மாடு வெளியே ஒன்றும் காட்டாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும், குதிரை சாகும். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும். அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோக்கும், பின்பக்கம் தள்ளாடும். மழைக்காலத்தில் இப்படிக் கண்டால் காய்ச்சல் இருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுக்குப் போடும் ஊசியையே குதிரைக்கும் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மாடு தாங்கும் சில மருந்துகளைக் குதிரை தாங்காது. லின்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் குதிரைக்குக் குடலைப் புண்ணாக்கி உயிரையே எடுக்கும். லெவமிசோல் என்ற குடற்புழு மருந்திலும் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஐவர்மெக்டினைக் குதிரைக்கு ஊசியாகப் போடாமல் வாயில் கொடுக்கும் பேஸ்டாகவே கொடுக்க வேண்டும்.

வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் குதிரையைத்தான் முதலில் பிடிக்கும். மாட்டுக்குக் காலில் ஆணி குத்தினால் மஞ்சள் வைத்துவிட்டு மறந்துவிடலாம். குதிரைக்கு அப்படி முடியாது. கண்ணின் ஓரத்திலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மறைப்பதும், காது விறைப்பதும், வால் தூக்கி நிற்பதும் தெரிந்த பிறகு பிழைப்பது அரிது. நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கு இதைப் போடாமல் வைத்திருப்பவர்களை நினைத்தால் மனது பதறுகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆண்டுதோறும் வேண்டும்.

லாடம் கட்டுவதிலும் மாட்டுப் பழக்கம் நுழைந்துவிடுகிறது. காளையைக் கயிறு கட்டிச் சாய்த்துத்தான் லாடம் அடிக்கிறோம். குதிரையை அப்படிச் சாய்த்தால் இடுப்பும் நரம்பும் போகும், அதோடு லாடக்காரரைப் பார்த்தாலே மிரளும். நின்றபடி கால் தரப் பழக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் போதும். தோளுக்குப் பக்கத்தில், வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே நீவி வந்து, கணுக்காலுக்கு மேல் பின்பக்க நரம்பை விரலால் லேசாக அழுத்தி, 'காலு' என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். எடையை மாற்றிக் குளம்பைத் தூக்கிய கணமே அழுத்துவதை விட்டுவிட வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது அந்த விடுதலையில்தான், அழுத்தத்தில் அல்ல. முதல் நாள் இரண்டு விநாடி பிடித்து, அது இழுக்கும் முன் நீங்களே மெதுவாகத் தரையில் வையுங்கள். இழுத்துப் பிடுங்கும்போது விட்டீர்களானால் பிடுங்கினால் விட்டுவிடுவார்கள் என்று பழகிவிடும். நாலு நாள் கழித்துக் குளம்பைச் சுரண்டவும், ஒரு வாரம் கழித்துச் சிறு சுத்தியலால் தட்டவும் செய்யலாம். தினமும் குளம்பைச் சுத்தம் செய்யும்போது நடுவில் ரப்பர் போல இருக்கும் முக்கோணத்தின் பள்ளங்களை முகர்ந்து பாருங்கள். கறுத்து, நாற்றம் அடித்தால் கொட்டகைத் தரை ஈரம் என்று பொருள். தரையைக் காயவைக்காமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை. குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. லாடம் தேயாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சீவிக் கட்ட வேண்டும்.

கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்று குதிரையைக் குறை சொல்லும் பழமொழி நம்மிடம் உண்டு. கடிவாளத்துக்கு வாய் மூடும் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரியும். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தை அறுத்திருக்கும், அல்லது கடிவாளம் உதட்டோரத்தைப் புண்ணாக்கியிருக்கும். மென்ற தட்டை உருண்டையாகக் கீழே துப்பினாலும், சாணத்தில் கொள்ளு முழுசாக வந்தாலும் பல்லை அராவிவிட வேண்டும். முள் வைத்த கடிவாளம் 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படியே குற்றம். 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மூன்று வயதுக்குள் ஏறாதீர்கள். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். நம் 300 கிலோ குதிரைக்கு அது 60 கிலோதான். அதற்கு மேல் எடையுள்ளவர்கள் பெரிய குதிரையாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது வண்டியில் பூட்டிப் பழக்கலாம்.

கடைசியாகச் சந்தைக்குப் பொறுப்பானவர்களிடமும் கால்நடைத் துறையிடமும் சில கோரிக்கைகள். சந்தைக்குள் நுழையும் ஒவ்வொரு குதிரைக்கும் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றைக் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதுதான். மூக்கில் பிசின் போலச் சளியோ, மூக்கின் உள்ளே புண்ணோ, தொடையின் உட்புறம் கயிறு போல வரிசையாகக் கட்டிகளோ இருந்தால் அந்தக் குதிரையை வெறுங்கையால் தொடக்கூடாது என்று வாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். ரத்த மாதிரியை ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பி முடிவு வர நாளாகும் என்பதால், இதை ஆனி மாதமே தொடங்க வேண்டும். வாங்கியவர்களும் புதுக் குதிரையை மூன்று வாரம் தனியாகக் கட்டிவைத்து, தண்ணீர் வாளியையும் தனியாக வைக்க வேண்டும்.

சந்தைத் திடலில் டெட்டனஸ் தடுப்பூசி போட ஒரு மேசை வேண்டும். எல்லோரும் ஒரே தொட்டியில் குதிரையின் வாயை வைக்கும் வழக்கத்தை விட்டு, குழாயிலிருந்து அவரவர் வாளியில் பிடித்துக்கொள்ளும்படி தண்ணீர் ஏற்பாடு வேண்டும். விற்பனைச் சீட்டின் பின்பக்கத்தில் கால்நடை அவசர ஊர்தியின் 1962 என்ற எண்ணையும், ஓய்வில் நாடி 28 முதல் 44, சூடு 99.5 முதல் 101.3 என்ற அளவையும், வயிற்றுவலிக்கு வாய்வழியே எண்ணெய் ஊற்றக்கூடாது என்ற ஒரு வரியையும் அச்சிட்டுக் கொடுத்தால் செலவு அதிகமாகாது. அந்தச் சீட்டைத்தான் எல்லோரும் பத்திரமாக வீட்டில் வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
குதிரை வைத்தியம் பார்க்கும் ஒருவர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.